நாற்பதில் பூஜ்யம்

சரியான விடைக்கு ஒரு நட்சத்திரம்.
அதற்கு மூன்று மாதம் உழைத்தோம்:
எத்தனை முனை, எந்த மஞ்சள், என்ன ஓசை.
தவறான விடைக்கு
ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில்
நான் வரைந்து வைத்தது அந்த நீர்யானை.

படகில் ஒரு தொப்பிக்காரர்.
கணக்குப் பிசகினால்
நீர்யானை மூக்கைச் சுளிக்கும், கண்ணை மூடும்,
ஒரே தும்மல்.
படகு கவிழும். தொப்பி மட்டும் மிதக்கும்.
ஒன்றரை நொடி, அவ்வளவுதான்.

டர்பனில், சாட்ஸ்வர்த்தில், ஓர் ஆரம்பப் பள்ளி.
கணினிகள் பதினெட்டு, ஓடுபவை பதின்மூன்று.
ஜன்னல் கம்பி வழியே குரங்குகள் கைவிட்டு
பிள்ளைகளின் ரொட்டியை எடுத்துப் போகும்.
அங்கிருந்து வாரம் ஒரு அறிக்கை எனக்கு வரும்.
பச்சை, மஞ்சள், பச்சை, நடுவே ஒரே ஒரு சிவப்பு:
லெவாஷ்னி நாயக்கர், நான்காம் வகுப்பு.
கேள்வி நாற்பது. சரி பூஜ்யம்.

எங்கள் நிரலுக்கு இரக்கம் உண்டு.
தடுமாறும் பிள்ளையைக் கைபிடித்துப் படியிறக்கும்.
வகுத்தலிலிருந்து பெருக்கலுக்கு இறக்கியது,
பெருக்கலிலிருந்து கூட்டலுக்கு.
கடைசியில்
இரண்டு வாழைப்பழத்தோடு ஒரு வாழைப்பழம் சேர்ந்தால்
எத்தனை என்று கேட்டது.
ஒன்பது என்றாள்.

மிஸஸ் படையாச்சி போனில் கத்தினார்:
"கடையில் ஐம்பது காசு குறைந்தாலும்
திரும்பிப் போய் வாங்கி வருகிற பிள்ளை அது.
கோளாறு உங்கள் பெட்டியில்."
நானும் மௌஸைத்தான் சந்தேகித்தேன்.

மறுநாள் மின்வெட்டு.
உம்ஹ்லாங்கா அலுவலகத்தில், இருண்ட திரைக்கு முன்னால்,
வேறு வேலையில்லாமல் யோசித்தேன்.
கேள்விக்கு நான்கு விடை.
கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டாலும்
நாற்பதில் பத்து தேறும்.
ரொட்டி திருடும் குரங்கை உட்காரவைத்தாலும்
எட்டாவது வாங்கிவிடும்.
பூஜ்யம் வாங்க வேண்டுமென்றால்
நாற்பது முறையும்
எது சரி என்று தெரிந்திருக்க வேண்டும்.
தெரிந்து, அதை மட்டும் தொடாமல் விட வேண்டும்.

வியாழனன்று போனேன்.
ஒரு நாற்காலியில் இரண்டு பேர், பாதிப் பாதி.
நொக்வாண்டா ரகசியமாக "அறுபத்து மூன்று" என்கிறாள்.
லெவாஷ்னி தலையாட்டி, அறுபத்து நான்கைத் தொடுகிறாள்.
தும்மல்.
இருவரும் மேசைமேல் கவிழ்ந்து சிரிக்கிறார்கள்.
அவர் விழுந்த கணக்கு இவள் நோட்டின் ஓரத்தில் இருக்கிறது.
"எட்டு, ஒன்பது, பத்து" வரை தமிழ்,
சனிக்கிழமை வகுப்பில் கற்ற அளவு.
அதற்கு மேல் விழுந்ததெல்லாம் ஆங்கிலத்தில்.

"நட்சத்திரம் பிடிக்கவில்லையா?"
"அது ஒன்றும் செய்யாதே, அங்கிள். சும்மா நிற்கும்."
பிறகு, கொஞ்சம் கவலையாக,
"இருநூற்றுப் பன்னிரண்டு தடவை நனைந்துவிட்டார்.
ஜலதோஷம் பிடிக்காதா?"

திரும்பி வந்து இரண்டையும் இடம் மாற்றினேன்.
சரியென்றால் தும்மல்.
தவறென்றால் படகு அசையாமல் நிற்கும்.
பிழையில்லாத பிள்ளைகள் இனி அவரைத் தண்ணீரில் தள்ளுவார்கள்.
நட்சத்திரத்தைத் தூக்கிவிட்டேன்.
மூன்று மாதச் சம்பளம் என்று மேலாளர் முனகினார்.

அடுத்த வாரம் நாற்பதுக்கு நாற்பது.
சிவப்பு இருந்த இடம் பச்சை.
மிஸஸ் படையாச்சி போன் செய்யவில்லை.

அதற்கடுத்த வாரம் முப்பத்தொன்பது.
எட்டேழு எவ்வளவு என்பதற்கு
ஐம்பத்து நான்கைத் தொட்டிருக்கிறாள்.
தொட்டுவிட்டு, அடுத்த கேள்விக்குப் போகாமல்
பதினொரு நொடி இருந்திருக்கிறாள்.

தெரியாமல் தொட்டாளா,
அந்த மனிதர் ஒருமுறையாவது
உலர்ந்திருக்கட்டும் என்றா?
அறிக்கையை இரண்டு தடவை படித்தேன்.