இலக்கம் ஏழு

அந்த மார்ச்சில் கொழும்பில் கடதாசி இல்லை.
பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள்.
நிகழ்ச்சிநிரலை எதில் அடிப்பது?
அலுமாரியைக் கிண்டிப்
பழைய கோப்பொன்றைப் பிரித்தேன்.
ஒரு பக்கம் வெறுமை. போதும்.
முகாமைச் சபைக்குப் பதினொரு தாள்.
நான் செயலாளர், முன்பு வங்கியில்;
காசோலையைத் தவிர
எதற்கும் மறுபக்கம் பார்த்துப் பழக்கமில்லை.

தலைவர் செல்வமலர் அந்தோனிப்பிள்ளை
ஆட்டோ கிடைக்காமல்
ஜம்பட்டா வீதியிலிருந்து நடந்து வந்தார்.
பெற்றோல் வரிசை பள்ளி மதிலைச் சுற்றி வளைந்து கிடந்தது.
"நல்ல பரவளைவு" என்றார் வியர்வையைத் துடைத்தபடி,
"சமச்சீர் அச்சு அந்தத் தேத்தண்ணிக் கடை."

முப்பத்தைந்து வருடம் கணிதம்.
வெண்கட்டித் தூளுக்குத் தும்மித் தும்மியே
முக்கோணங்களை நிறுவியவர்.
சண்டைக் காலத்தில் ஒருநாள்
ஆமர் வீதிச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்களாம்.
உள்ளே என்ன?
"பிழைகள்" என்றாராம் சிங்களத்தில்.
நாற்பத்திரண்டு விடைத்தாள்.
சிப்பாய் ஒன்றை உருவி
இந்தக் கணக்குச் சரிதானே என்று கேட்க,
"விடை சரி. அலகு இல்லை.
ஒரு புள்ளி குறையும்"
பையை மூடி பஸ் ஏறிவிட்டாராம்.

படிப்பித்த காலம் முழுவதிலும்
இந்த அறைக்குள் ஒரேயொரு தடவை வந்தவர்,
அதுவும் நின்றபடி.
இப்போது மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி.
நாற்காலிக்கென்று ஒரு பாஷை உண்டு;
இரண்டே வருடத்தில் அதுவும் வாய்த்திருந்தது:
ஆவன செய்யப்படும். நிதி வந்ததும். பார்க்கலாம்.

அன்று இலக்கம் ஐந்து,
வாயிலுக்கு மின் எழுத்துப் பலகை.
ஆறு, சுவரில் தலைவரின் நிழற்படம், சட்டகத்தோடு.
ஏழு, ஆசிரியை நஸ்ரினாவின் கடிதம்:
பத்து ஏயும் பத்து பீயும் ஒரே மண்டபம்,
அங்கே தேவாரம், இங்கே தேற்றம்,
நடுவில் ஒரு தடுப்பு வேண்டும்.
ஏழுக்கு நேரே பென்சிலால்
"பார்க்கலாம்" என்று எழுதிக்கொண்டுதான் உட்கார்ந்தார்.
நான் கண்டேன்.

எழுத்து சிவப்பா பச்சையா என்று
சட்டத்தரணியும் டாக்டரும் இழுபட,
செலவைக் கூட்டிப் பார்க்கத்
தாளைத் திருப்பினார்.

நீல மை. தொண்ணூற்றொன்று, பெப்ரவரி.
"ஐயா,
பத்து ஏயும் பத்து பீயும் ஒரே மண்டபத்தில்..."
கீழே அவருடைய கையெழுத்து,
இன்றையதை விட நிமிர்ந்தது.
ஓரத்தில் யாருடையதோ சிவப்புப் பென்சில்:
பார்க்கலாம்.

பதினொன்றில் ஒன்று.
நான் வேண்டுமென்று வைத்ததாகச்
சட்டத்தரணி இன்றைக்கும் சொல்கிறார்.
நிகழ்தகவு படிக்காத மனுஷன்.

அவர் அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டவில்லை.
கண்ணாடியைக் கழற்றினார். போட்டார்.
"என் படத்துக்கு எவ்வளவு ஒதுக்கினோம்?"
சொன்னேன்.
"அதற்கு ஒட்டுப்பலகை எத்தனை சதுர அடி?"
மரபு என்றார் ஒருவர். மரியாதை என்றார் இன்னொருவர்.
"என் மூக்கைப் பார்த்து
எந்தப் பிள்ளையும் இருபடிச் சமன்பாடு தீர்க்காது."
ஆறுக்கு ஐந்து. நிறைவேறியது.

முழுக்க நிறைவேறவில்லை.
டொலர் ஏறிய வேகத்தில், தச்சன் வருவதற்குள்
பலகை விலை இரட்டித்துவிட்டது.
தடுப்பு பிள்ளைகளின் தோளுயரத்தில் நின்றுபோயிற்று.
அதற்கு மேலால் தேவாரம் இன்னும் வருகிறது,
கொஞ்சம் குனிந்து.
நஸ்ரினா அடுத்த கடிதம் அனுப்பியிருக்கிறார்.
ஓரத்தில் இதுவரை ஒன்றும் எழுதப்படவில்லை.

கூட்டக் குறிப்பில் நான் இப்படி எழுதியிருந்தேன்:
ஆறாம் இலக்கத்துக்கு முன்
தலைவர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.
திருத்தித் திருப்பி அனுப்பினார்.
"சிறிது"க்குக் கீழே சிவப்புக் கோடு,
பக்கத்தில்:
எவ்வளவு? அலகு எழுதவும்.

பேனையைத் திறந்து வைத்திருக்கிறேன்.
நிமிடம் என்று எழுதினால்
ஒரு புள்ளி குறைப்பார்.