சேதாரம்

மாதத்தின் முதல் வெள்ளி. கடை இல்லை.
பாலக்கோட்டில் ஒன்பது மணிக்கே
துவைகல் சுடுகிறது.
பின்கதவை ஒரு சாண் மட்டும் திறந்துவைத்து
உள்ளே தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.
முழுக்கத் திறந்தால் பறந்துவிடும்.

முருங்கைக் கிளையில் கேபிள் ஒயரில் தொங்குவது
ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன்.
பக்கத்தில் ஜன்னல் வெட்டியிருக்கிறேன்.
உள்ளே, ராத்திரியே தண்ணீர் தெளித்துவைத்த கேழ்வரகு.

எங்கே கிடைத்தது என்று கேட்காதீர்கள்,
கேட்டால் சொல்லிவிடுவேன்.
ரேஷன் கடையில் மூட்டை பிரிக்கும்போது சிந்துவது,
தராசைச் சுற்றி உதிர்வது,
உமியும் கோணி நூலுமாக
சாயங்காலம் நான் கூட்டி அள்ளுவது.
நூறு கிராம் குறைந்தாலும் உன் சம்பளத்தில் பிடிப்பேன்
என்று போன மாதத் தணிக்கையில் சொன்னார்.
பிடிக்கட்டும்.
எடைபோடுகிற கை சிந்தும்.

முதலில் தவிட்டுக்குருவிகள்,
ஏழும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு,
மண்ணெண்ணெய் ஊற்றுகிற நாளின் வரிசை மாதிரி.
அவை போனபிறகுதான் சிட்டுகள்.

மீட்டர் பெட்டிக்கு மேலே ஓட்டு இடுக்கில்
சித்திரை முழுக்கக் கத்தித் தீர்த்தவை
இந்த வாரம் வெளியே வந்திருக்கின்றன.
நான்கு.
வாயோரத்து மஞ்சள் இன்னும் போகவில்லை.
வால் பாதிதான் முளைத்திருக்கிறது.
பார்வைக்குத் தாயைவிடக் குண்டு.

ஒன்று கேழ்வரகின் மேலேயே ஏறி நிற்கிறது.
விரல்கள் புதையத் தானியம்.
நின்றபடியே இறக்கை நடுங்க
வாயைப் பிளந்து கேட்கிறது.
தாய் அதன் காலடியிலிருந்து ஒரு மணியை எடுத்து
அதன் வாயில் வைக்கிறது.
பிளக்கிறது. வைக்கிறது. பிளக்கிறது.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அந்தச் சத்தத்துக்கு எல்லாம் பறந்து
ஆறு நிமிடம், வெறும் வெயில்.

மதிலுக்கு மேல் பர்வீன் தலை தெரிந்தது.
மாங்காய் வற்றல் திருப்ப வந்தவள்.
"இதுங்களுக்கு என்ன கார்டு போட்டே,
அரிசி கார்டா, சர்க்கரை கார்டா?"
கார்டே கிடையாது என்றேன்.
"அப்ப கைரேகை?"
அதுவும்.

சொன்னபிறகு கெம்பம்மா ஞாபகம் வந்தாள்.
புதன்கிழமை ஐந்து தடவை வைத்தும்
அவள் விரல் இயந்திரத்தில் விழவில்லை.
செங்கல் சூளையில் தேய்ந்த விரல்.
தாவணித் துணியில் துடைத்து, ஊதி, மறுபடி வைத்து,
பிறகு என்னைப் பார்த்தாள்.
நாளைக்கு வா என்றேன்.
வியாழனும் வரவில்லை.
பை மட்டும் கடையில் இருக்கிறது,
நீலக் கோடு போட்ட பை.

பத்தரைக்கு மேல் இருக்கும்.
வல்லூறு வந்ததை நான் பார்க்கவில்லை.
முருங்கை உதறியதைப் பார்த்தேன்.
கேன் ஒருமுறை சுற்றி, எதிர்ப்பக்கம் சுற்றி, நின்றது.
ஒரு சின்ன இறகு
கிளையிலிருந்து துவைகல்லுக்கு இறங்க
நெடுநேரம் எடுத்துக்கொண்டது.

"எடுத்துட்டுப் போயிடுச்சா?" என்றாள் பர்வீன்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
மதிலில் ஒன்று. கம்பியில் ஒன்று.
செம்பருத்திக்குள் ஒன்று, மூச்சுகூடக் காட்டாமல்.
அதற்குமேல் எண்ண ஏதும் இல்லை.
எதற்கும் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்,
இருப்புக் கணக்கு ஒத்துப்போகாத நாள் மாதிரி.

சோற்றுக்கு உலை வைக்க எழுந்து போய்
வைக்காமல் திரும்பினேன்.

கேனில் ஒன்று வந்து நிற்கிறது,
பழையபடி தானியத்தின் மேலே.
காலையில் நின்றதா, வேறா, தெரியாது.
முகத்தை வைத்து அடையாளம் சொல்ல
அவ்வளவு பழக்கம் இல்லை எனக்கு.
இறக்கை நடுங்குகிறது. வாய் பிளக்கிறது.
தாய் கம்பியில் இருக்கிறது, வரவில்லை.
வாய் மூடுகிறது.
கொஞ்சநேரம் அப்படியே.
பிறகு தலையைச் சாய்த்து
தன் காலுக்குக் கீழே என்ன என்று பார்க்கிறது.

ஒரு மணியை எடுக்கிறது. நழுவுகிறது.
இன்னொன்று, அலகில் உருட்டி, அதுவும்.
மூன்றாவது எங்கே போனதென்று தெரியவில்லை,
தொண்டை அசைந்தது.

தின்றதைவிடச் சிந்தியது அதிகம்.
கீழே எறும்புகள் வரத் தொடங்கிவிட்டன.