இருபத்தெட்டாம் நாள்

லொறிக்காரன் வழியில் எங்கேயோ தண்ணீர் விட்டிருக்கிறான்.
கூம்பைத் தூக்கிய கணமே
சாணிக் கரைசல் மாதிரித் தகட்டில் பரந்தது கலவை.
அளவுகோல் வைத்தேன். இருநூற்றுப் பத்து.
நூறுக்கு மேல் போகக்கூடாது.

"திருப்பி அனுப்புங்கோ" என்றேன்.
ஒருவரும் அசையவில்லை.
சோளகம் மட்டும் என் குறிப்பேட்டை
ஒருதரம் புரட்டிப் பார்த்தது.

சற்குணராசா சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல.
மகளின் சாமத்தியவீட்டுக்கு எனக்கும் கார்ட் தந்தவர்.
"தங்கச்சி, சேர் எப்ப வருவார்?"

சேர் நான்தான் அண்ணை.
சொல்லவில்லை.
நாலு வருடமாய்ச் சொல்லி நாக்கில் காய்ப்பு விழுந்துவிட்டது.
அராலிக் கடனீரேரியின் இக்கரையில்
பலகை நட்டிருக்கிறது:
பொறுப்புப் பொறியியலாளர், கீழே என் பெயர்,
பெயரின் மேல் யாரோ காயப்போட்ட சாரம்.

காலை ஏழிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் இல்லை.
மதிப்பீட்டின் பதினோராம் பக்கத்தில்
மலசலகூடம் ஒன்று இருந்தது. கட்டினார்கள்.
இப்போது உள்ளே சீமெந்துப் பைகள்,
வெளியே பூட்டு,
திறப்பு ஸ்டோர்ஸ்காரரின் இடுப்பில்.
ஆண்களுக்குப் பற்றைக்காடு இருக்கிறது.
எனக்கு அரைமைல் தள்ளி றீற்றாவின் வீடு.
அவள் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை.
வாளியை நிரப்பி வைத்துவிட்டு
நாயைப் பிடித்தபடி நிற்பாள்.
திறப்புவிழாக் கல்லில் அவளுக்கு இடம் இராது.

போன மாசி மாதம் நேர்முகம்.
அத்திவாரம், சுமை, உப்பரிப்பு என்று
பிள்ளையை மடியில் போட்டு இரவிரவாய்ப் படித்துப் போனேன்.
முதல் கேள்வி: "பிள்ளைக்கு எத்தனை வயது?"
இரண்டரை என்றேன்.
மூவரும் குறித்துக்கொண்டார்கள்.
லக்சிதனுக்கும் இரண்டரை வயதில் ஒரு மகன்.
அவனிடம் கேட்டது சேற்றில் பைல் இறக்குவது பற்றி.
அந்த விடையை என்னிடம்தான் படித்தவன்.
நல்லாய்ச் சொன்னானாம்.

கொங்கிறீற்றுக்கு இருபத்தெட்டு நாள் கொடுப்போம்.
அதற்குமுன் யாரும் அதற்குத் தீர்ப்பு எழுதுவதில்லை.
ஈரச்சாக்குப் போர்த்தி,
காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து,
பொறுத்திருப்போம்.

எனக்கும் இருபத்தெட்டுத்தான் கணக்கு.
இன்று அந்த நாள்.
அடிவயிற்றில் யாரோ பன்னிரண்டு மில்லிமீற்றர் கம்பி வளைக்கிறார்கள்.
கறுப்புக் காற்சட்டை போட்டு வந்திருக்கிறேன்.

"சேருக்கு ஒருக்கா கோல் எடுக்கிறன், கோவிக்காதேங்கோ."
எடுத்தார். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாய் வைத்தார்.
"மிஸ் என்ன சொன்னவா?"
"திருப்பச் சொல்லுறா சேர்."
"அப்ப திருப்பும்."

லொறி திரும்பியது.
வெற்றி என்று வீட்டில் சொல்லலாம்.
ஆனால் சில்லை நகர்த்தியது நான் சொன்ன வார்த்தை அல்ல,
கோண்டாவில் போய்
ஒரு மீசைக்கடியால் திரும்பி வந்த அதே வார்த்தை.
கலவை சுமக்கும் புஸ்பமலர்
தலைச்சும்மாட்டை அவிழ்த்தபடி என்னைப் பார்த்தாள்.
அவளுக்கு ஆண்களைவிட எண்ணூறு ரூபாய் குறைவு.
அதையும் நான்தான் கையொப்பமிட்டு அனுப்புகிறேன்.

மூன்று மணிக்கு அடுத்த லொறி. தொண்ணூறு.
ஆறு அச்சுப் பெட்டியிலும் நிரப்பிக் குத்தி
இறுகுமுன் ஆணியால் தேதி கீறினேன்.
இருபத்தெட்டாம் நாள் இயந்திரத்தில் வைத்து
உடையும்வரை நசுக்குவோம்.
எவ்வளவு தாங்கியது என்று அப்போது எழுதுவோம்.
உடைக்காமல் அறியும் கருவியும் உண்டு.
இரண்டு வருடமாய்க் கேட்டு எழுதுகிறேன்,
பதில் இல்லை.

நாலரை.
தலைக்கவசத்தைக் கழற்றி ஒழுங்கைக்குள் இறங்கினேன்.
றீற்றாவின் நாய் இப்போதெல்லாம்
என்னைக் கண்டு குரைப்பதில்லை.