வாட்டம்

பதினாறு மீற்றர்.
நாவாந்துறைச் சந்தைக்குப் பின்னால்
மீன்பெட்டி கழுவும் தண்ணீர் போகவென்று
நீங்கள் கட்டிய வெள்ளவாய்க்கால்.
பூச்சில் முகம் பார்க்கலாம்.
ஓரமெல்லாம் கத்தி போட்ட தொதல் மாதிரி நேர்.
ஒரு வாளி ஊற்றினேன்.
தண்ணீர் கொஞ்சம் யோசித்தது.
பிறகு பரவைக்கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
யோகறாணி வீட்டுப் படலையை நோக்கி நடந்தது.

கிறகோரியண்ணை,
என்னிலும் பதினொரு வயது மூத்தவர் நீங்கள்.
வரவுப் புத்தகத்தில் உங்கள் பெயர்
என் கையெழுத்துக்குக் கீழே இருக்கிறது.
அவ்வளவுதான் என் உயரம்.

சுற்றி நின்ற ஆறு பேரையும்
"தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்று அனுப்பினேன்.
ஓராளின் பிழையைப் பார்க்க
இத்தனை கண் வேண்டாம்.

போன மாரியில்
குருநகர் ஒழுங்கையில் நீங்கள் போட்ட மதகை
"நல்லாயிருக்கு" என்றேன், சிரித்தேன்.
மகளின் முதல்நன்மைக்கு நீங்கள் லீவில் நின்ற சனிக்கிழமை
வேறு மேசனை வைத்து உடைத்துக் கட்டினேன்.
மனம் நோகக்கூடாதென்று.
உங்கள் மனமா, என் மனமா,
அதை நான் கேட்டுப் பார்க்கவில்லை.
திங்கள் வந்து சீமெந்தின் நிறத்தைப் பார்த்தீர்கள்.
ஒன்றும் பேசவில்லை.
இரண்டு மாதம்
என் சப்பாத்தைப் பார்த்தே கதைத்தீர்கள்.

இன்று வரும் வழியெல்லாம்
நாலைந்து சொல்லைச் சீனிப்பாகில் தோய்த்து வைத்திருந்தேன்.
உங்களைக் கண்டதும் விழுங்கிவிட்டேன்.

"அண்ணை, வாட்டம் பிழை.
வீட்டுப் பக்கம் ஒன்றரை அங்குலம் தாழ்ந்துபோச்சு.
ஒன்பது மீற்றர் உடைக்கவேணும்.
பூச்சில ஒரு குறையும் இல்லை.
அதுக்காக இதை விடேலாது."

தரையில் வராத வாட்டம்
உங்கள் முகத்தில் வந்தது.
போனை எடுக்கவில்லை நான்.
வானத்தைப் பார்க்கவில்லை.
சொன்ன இடத்திலேயே நின்றேன்.

நெடுநேரம் கழித்துக் கேட்டீர்கள்:
"முளை ஆர் அடிச்சது?"

தண்ணிக்குழாயின் ஒரு நுனி உங்கள் கையில்,
மறுநுனி என் கையில்.
முதல் முளை சரி. இரண்டாவது சரி.
மூன்றாவதில் அரை அங்குலம் கூட ஏறி நின்றது தண்ணீர்.
நான் அளந்து, நான் அடித்த முளை.

"மற்ற ஒரு அங்குலம் என்ர" என்றீர்கள்
குழாயைச் சுருட்டியபடி.

என் அரை அங்குலத்தை
ஆறு பேரும் திரும்பி வந்த பிறகுதான் சொன்னேன்,
எல்லாருக்கும் கேட்க.
ஒருவன் தேத்தண்ணிக் கோப்பையை வைக்க மறந்து நின்றான்.

சம்மட்டிச் சத்தத்துக்கு
யோகறாணி படலையைத் திறந்தாள்.
"ஐயோ, இவ்வளவு வடிவாக் கட்டினதை
ஏன் உடைக்கிறியள்?"

நீங்கள் நிமிர்ந்தீர்கள்.
சப்பாத்தை அல்ல, என் முகத்தை ஒருமுறை பார்த்து
அவளுக்குச் சொன்னீர்கள்:
"வடிவுதான் தங்கச்சி.
வடியாது."