மெகாஃபோனில் பதினோரு நிமிடம்

ஹாஸ்கெட் அன்று ஒரு நரம்பைக்கூடத் தட்டவில்லை.
அதில் மட்டும் எங்களுக்குள் சண்டை கிடையாது.
தொண்ணூற்றாறு அக்டோபர், அரண்மனை மைதானம்.
எட்டு மணிக்கு அவர் தொடங்க வேண்டியதை
ஏழரைக்கே மழை தொடங்கிவைத்தது.
ஜெனரேட்டர் ஒருமுறை இருமிவிட்டுத்
தண்ணீரில் உட்கார்ந்துகொண்டது.
தொட்டால் ஷாக் அடிக்கும் என்று யாரோ சொல்ல
கித்தாரைப் பெட்டியில் படுக்கவைத்து மூடினார்.
பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டையாவின் மெகாஃபோனை
இரவல் கேட்டு வாங்கி
மேடை விளிம்பில் காலைத் தொங்கவிட்டுப்
பேசினார்.

பதினோரு நிமிடம் என்கிறான் எபிநேசர்.
இருபதுக்குக் குறையாது என்கிறாள் விசாலி.
என் வாட்சுக்குள் தண்ணீர் போயிருந்தது,
நான் சாட்சிக்கு லாயக்கில்லை.

வருடம் ஒருமுறை கூடுகிறோம்
அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஒரு மாடி பாரில்.
மசாலா கடலை வருவதற்குள் வழக்கு எடுபடும்.
அவர் அம்மாவுக்குக் காது கேட்காதாம்,
கித்தாரின் முதுகில் கன்னத்தை வைத்துத்தான்
மகன் வாசிப்பதைத் தெரிந்துகொள்வாளாம்,
எபிநேசருக்குச் சொல்லும்போதே தொண்டை அடைக்கும்.
அம்மா இல்லடா, நாய், என்பாள் விசாலி.
கிழட்டு நாய். ஆம்ப்ளிஃபயர்மேல் தலைவைத்துத் தூங்கும்.
அம்மாவா, நாயா?
இருபத்தெட்டு வருடமாக வாய்தா.

ஆதாரம் இருக்கிறது, கேசட்.
மழைக்கோட்டுக்குள் ஒளித்து எபிநேசர் பதிந்தது.
முதல் பக்கம் முழுக்க மழை.
நடுவில் 'குடைய மடக்குய்யா' என்று ஒரு குரல், கண்ணாடி போல.
பிறகு ஒரு நீள இருமல்.
ஹாஸ்கெட்டோ
பக்கத்து வீட்டில் கொதிக்கும் தண்ணீர்.

ஜோதிலிங்கம் அதிகம் பேசமாட்டான்.
ஒயிட்ஃபீல்டில் கல்யாண பேண்டில் லீட் வாசித்தவன்,
இப்போது தண்ணீர் லாரி இரண்டு ஓட்டுகிறான்.
இடது கை விரல் நுனியில் எதுவும் உறைக்காது,
மகளுக்குக் காய்ச்சலா என்று பார்க்க
வலது கையைத்தான் நெற்றியில் வைப்பேன்,
அவர் அப்படிச் சொன்னதாக அவன் சொல்வான்.
அதை யாரும் மறுத்ததில்லை.
கொஞ்ச நேரம் கடலையின் சத்தம்தான் இருக்கும்.

என் முறை கடைசி.
சிவாஜிநகர் மைக்செட் கடையில் அப்போது நான் பையன்.
ரெண்டு பேட்டரி டார்ச்சை அவர் முகத்துக்கு அடித்தபடி
பக்கத்தில் நின்றேன்.
என் மணிக்கட்டைப் பிடித்து
வெளிச்சத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.
இடது கை. நுனிகள் ஐந்தும்,
இல்லை, கட்டைவிரல் நீங்கலாக நான்கும்,
புளியங்கொட்டை.
பேசி முடித்து மெகாஃபோனை அணைத்த பிறகு
என்னிடம் கேட்டார்:
இவங்களுக்கெல்லாம் இந்நேரத்துக்கு பஸ் இருக்கா?
'நோ பஸ் சார். வாக்கிங்,' என்றேன்,
என்னிடம் இருந்த மொத்த இங்கிலீஷ்.
கடைசி ஆள் கேட்டைத் தாண்டும்வரை
நனைந்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

போடா, என்பாள் விசாலி.
அவ்வளவு பெரிய ஆள் பஸ்ஸைப் பற்றியா கேட்பான்?

மஞ்சுநாத்துக்கு நினைவில் நிற்பது ஒரே சொல்.
'சாரி.' மூன்று தடவை.
நம்மிடம் போய் சாரி சொன்னாரே என்று
ஒவ்வொரு வருடமும் புதிதாக வியப்பான்.

இந்த வருடம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள்.
படியில் இறங்கும்போது
மஞ்சுநாத்துக்கு இருமல் பிடித்துக்கொண்டது.
இதுதான்! கேசட்ல இருக்கிறது இந்த இருமல்தான்!
எபிநேசர் அவன் சட்டையைப் பிடித்து உலுக்க,
இருக்காதுப்பா, என்றான் மஞ்சுநாத்.
நான் உள்ளேயே வரல. டிக்கெட்டுக்குக் காசில்ல.
மதிலுக்கு வெளியே லூனா சீட்டுமேல ஏறி நின்னேன்.
அந்த ஒரு சொல்தான் தாண்டி வந்தது.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் பாதி கேட்டார்.
ஐந்து பேரும் ஒரே ஆட்டோவில் நெருக்கி ஏறினோம்,
மஞ்சுநாத் என் மடியில்.