முழுப்பேர்

மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு மேலே
லோகமலர் தையற்கடை போட்டிருக்கிறாள்.
பலகையில் முதலாளி என்று
அவள் பெயர், தகப்பன் பெயரோடு முழுதாக.

"நம்ம லயத்துப் பிள்ளதானே" என்று
துணியை நீட்டினேன்.
ஆயிரத்து இருநூறு என்றாள்.
எண்ணூறுக்கு முடி,
அதுவும் சம்பளத்துக்குப் பிறகு என்றேன்.

அட்டன் சுப்பர்மார்க்கட்டில்
விலைத்துண்டோடு நான் வாதாடியதே இல்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

கொழுந்து ரெண்டு கிலோ குறைந்ததற்கு
அம்மாவுக்கு அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளை
என் வாய்க்குள் உட்கார்ந்திருந்தான்.

எண்ணி வைத்தேன்,
ஆயிரத்து இருநூறு.

வெளியே மழை. குடை தந்தாள்.
"நாளைக்கே கொண்டாந்துருங்க அண்ணே,
அது கடைக் குடை."