பெயரை மட்டும் மாற்றி

மஸ்கெலியாவிலிருந்து கேட்டிருந்தாள்:
"அப்பாவோட கருமாதி. அம்மா வரச்சொல்றாங்க.
போய்ச் சும்மா உட்காந்துட்டு வரலாமா, ராத்தா?"

அன்றைக்கு மட்டும் பதினேழு பேர்.
அக்குறணையில், அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருக்க,
முன்பே எழுதிவைத்த பதிலொன்றைப்
பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன்.
இரண்டாம் வரியில் 'சகோதரரே' என்றே போயிருந்தது.

சரி என்றாள். ஒரு பூவும் வைத்தாள்.
அதன்பின் ஒற்றை டிக்.

அவள் கலிமா சொல்லி அழுத வீடியோவை
ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள்,
நான்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
லயத்தில் எத்தனை காம்பரா பார்த்தது என்று
எண்ணவில்லை.

நோன்பு பதினொன்றில் பஸ் ஏறினேன்.
ஹட்டனிலிருந்தே மழை.
"சுபாஜினி கொழும்புக்குப் போயிட்டா.
நம்பரும் மாத்திட்டா" என்றார் அம்மா.
யார் நீ என்று கேட்கவில்லை.
பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தவர்
என் முக்காட்டைப் பார்த்து நின்றார்.
திரும்பிப் போய்
தட்டால் அதை மூடிவைத்தார்.

"பாங்கு இங்க கேக்காதுங்க.
ஆறு இருவத்திரண்டு. நா சொல்றேன்.
போன வருசம் அவளுக்கும்
நாந்தான் சொன்னேன்."